ஒழுகும் குழாய்

ஹெர்னேசாண்ட்
ஜனவரி 14

அன்புள்ள இல்வா,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பனியில் சைக்கிள் ஓட்டாதே என்றால் கேட்கவா போகிறாய். எனக்கு வழக்கம்போல இரத்த அழுத்தம். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாரம் அது ஏறியதற்குக் காரணம் உன் பேராசிரியர் ரூட்கெர் ஹெட்வால்.

பொறியாளர் வார இதழில் அவன் பேட்டி வந்திருக்கிறது. பக்கம் நிறையப் படம். "ஊடுருவல் டிரான்சிஸ்டர்களை நம்பி ஒரு தலைமுறை உழைத்தோம், அவை நம்மைக் கைவிட்டன" என்கிறானாம். நம்மையாம்! யார் எதைக் கைவிட்டது என்று எனக்குத் தெரியாதா? நானும் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில், காபி இடைவேளையில், எல்லோர் முன்னாலும், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டோர்கெல், நீ அளந்தது டிரான்சிஸ்டர் இல்லப்பா, ஒழுகுற குழாய். போய் ஒரு பிளம்பரக் கூப்பிடு." மேசையே சிரித்தது. நீயும் அங்கே இருந்தாய். சிரிக்கவில்லை, இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கோடையில் என் பதவியை நீட்டிக்கவில்லை. பதினோரு வருஷமாக வடக்கே இந்தக் கடலோர ஊர்ப் பள்ளியில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டு, கடல் உறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் அளவீடு சரி. அது சரி என்று யாராவது வாய்திறந்து சொல்லாமல் நான் சாகப் போவதில்லை. அந்த இதழுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதத் தொடங்கிவிட்டேன். பெயர், இடம், நடந்தது எல்லாவற்றோடும்.

இதை உன் அலுவலக மின்னஞ்சலுக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்க மாட்டாய். இந்த நாட்டுச் சட்டப்படி அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற எதையும், தெருவில் போகிறவன் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கைபேசியில் அனுப்பினாலோ ஒரு சிரித்த முகத்தோடு முடித்துவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

காலைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
டோர்கெல்


ஏகெபி
ஜனவரி 29

அன்புள்ள அண்ணா,

முழங்கால் பரவாயில்லை. சைக்கிள் ஓட்டுகிறேன், பனியில் வழுக்காதபடி டயரில் ஆணி பதித்திருக்கிறது, பயப்படாதே. நீ உப்பைக் குறை.

அந்தப் பகிரங்கக் கடிதத்தை அனுப்பாதே. கெஞ்சிக் கேட்கிறேன். இவ்வளவு காலம் மற்றவர்களின் மின்னணுச் சில்லுகளை அளந்து கொடுத்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் நான். செப்டம்பரில் பொது அவையில் என் ஆய்வேட்டுக்கு நானே வாதாட வேண்டும். ரூட்கெர் என் நெறியாளர். நீ அவரைக் கிழித்து எழுதினால் அந்தக் கிழிசல் என் தலையில்தான் விழும். இப்போதே ஆய்வேடு நொண்டுகிறது. மூன்று அத்தியாயங்களின் முடிவும் ஒன்றுதான்: கணினிக்கு இந்த டிரான்சிஸ்டரின் வேகம் போதவில்லை. "போதலன்னு எழுதறதுக்கு ஒரு பட்டமா, இல்வா?" என்று போன வாரம் அவரே கேட்டார்.

இன்னொன்று, சும்மாதான் கேட்கிறேன். உன் பழைய அளவீட்டில் மின்னழுத்தத்தை எங்கிருந்து எங்கே வரை ஏற்றி இறக்கினாய்?

அன்புடன்
இல்வா


ஹெர்னேசாண்ட்
பிப்ரவரி 5

அன்புள்ள இல்வா,

சும்மாதான் கேட்கிறேன் என்று நீ எழுதினால் சும்மா இல்லை என்று பொருள். சின்ன வயதிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீதான்.

ஏறாமல் ஊடுருவிப் போவதுதான் நம்முடைய டிரான்சிஸ்டரின் விஷயமே. மற்றவற்றில் எலக்ட்ரான் ஒரு மேட்டை ஏறிக் கடக்க வேண்டும், ஏற்றிவிடுவது வெப்பம், அதனால் மின்னழுத்தத்தை எப்படித் திருகினாலும் ஓர் அளவுக்கு மேல் கூர்மையாகப் பதில் வராது. நம்முடையதில் சுவர் மெலிந்ததும் எலக்ட்ரான் மறுபக்கம் போய் நிற்கிறது. துளி அசைத்தால் மின்னோட்டம் பன்மடங்காகிறது. ஆனால் மொத்த மின்னோட்டமே சொற்பம். ரூட்கெர் கூட்டத்துக்கு ஒன்று, சுழியம், ஒன்று, சுழியம் என்று விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். சொற்ப மின்னோட்டத்தில் அது மெதுவாகத்தான் நடக்கும். சரி, தூக்கி எறி என்றார்கள். நான் சொன்னது வேறு: இதயத் துடிப்பைக் கவனிக்கிற கருவிக்கு வையுங்கள் என்றேன். எதற்கு எண்ணாக மாற்றுகிறீர்கள்? இதயம் எண்ணாகவா துடிக்கிறது? வருகிற அலையை அலையாகவே கூட்டலாம், பெருக்கலாம், ஒப்பிடலாம். இதயத்துக்கு அவசரம் இல்லை. அங்கே சொற்ப மின்னோட்டம் குறையே இல்லை, பேட்டரியே இல்லாமல் வாழலாம் என்ற வரம்.

உன் கேள்விக்கு வருகிறேன். சுவிட்சுக்காரர்கள் கை பழகிப்போய், முழுக்க அணைந்த நிலையிலிருந்து முழுக்க எரியும் நிலை வரை ஏற்றி, அதே வழியில் இறக்குவார்கள். அவ்வளவு நீண்ட போக்கு வரவில் எலக்ட்ரான்கள் வழியிலுள்ள குழிகளில் விழுந்து மாட்டிக்கொள்ளும். ஏறிய கோடும் இறங்கிய கோடும் ஒன்றாக இருக்காது. அதைக் காட்டித்தான் என் கூர்மை பொய் என்றான் ரூட்கெர். அலையோடு வேலை செய்கிற டிரான்சிஸ்டர் அந்தத் தூரம் போகவே போகாது. ஓரிடத்தில் நின்று லேசாக ஆடும். நான் அப்படித்தான் அளந்தேன். ஓரிடத்தில் நிறுத்தி, குழிகள் நிரம்பி அடங்கும் வரை விட்டு, பிறகு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து மில்லிவோல்ட். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. "யாருய்யா இப்படி அளப்பாங்க?" என்று தாளைத் திருப்பி வைத்துவிட்டான். பார்க்கக்கூட இல்லை.

எதற்குக் கேட்டாய்?

இங்கே கடைகளில் பாதாம் விழுது வைத்த பன் வந்துவிட்டது. மருத்துவர் கூடாதென்றார். இரண்டு தின்றேன்.

உன் அண்ணன்
டோர்கெல்


ஏகெபி
மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை நெருக்குகிறது. நலமாக இருக்கிறேன். நீயும் நலம்தானே?

குழிகள் அடங்க எவ்வளவு நேரம் விட்டாய்? மேலே பூசியிருக்கும் காப்புப் படலம் உன்னுடையதைவிட மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் அடங்குமா?

இல்வா


ஹெர்னேசாண்ட்
மார்ச் 27

இல்வா,

நலம். அரை நாள் விட்டேன். ஆம், மெல்லியதானால் சீக்கிரம் அடங்கும்.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். நான் இரண்டு பக்கம் எழுதினால் நீ ஆறு வாரம் கழித்து ஆறு வரி எழுதுகிறாய், அதிலும் இரண்டு கேள்வி. இந்தக் கேள்விகள் உன்னுடையவையா, அவனுடையவையா? காபி மேசையில் அவன் கேட்கிறான், நீ எனக்கு எழுதுகிறாய், என் பதில் அவன் மேசைக்குப் போகிறது. அப்படித்தானே? தபால்காரிக்குக்கூட என்னைப் பற்றி உன்னைவிடக் கவலை இருக்கிறது. "என்ன சார், தெக்கிலேர்ந்து ஒண்ணும் வரலயா?" என்று அவளாகவே கேட்கிறாள்.

பகிரங்கக் கடிதம் முடிந்துவிட்டது. நன்றாக வந்திருக்கிறது.

டோர்கெல்


ஹெர்னேசாண்ட்
மே 2

இல்வா,

இன்னும் பதில் இல்லை. நேற்று முன்தினம் கடற்கரையில் வசந்தத் தீ மூட்டினார்கள். புகை முழுவதும் என் பக்கமே வந்தது.

கோடை மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை இணையத்தில் பார்த்தேன். 'ஊடுருவல் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு மிகக் குறைந்த மின்செலவில் அனலாக் கணிப்பு.' அலையை அலையாகவே கணிப்பது, நான் சொன்ன அதே விஷயம். பேசுபவர்: ரூட்கெர் ஹெட்வால்.

குழாய் என்று சொல்லித் தூக்கி எறிந்தவன் இப்போது அதில் தண்ணீர் பிடிக்கிறான். குடத்தைப் பிடித்துக் கொடுத்தது என் தங்கை.

பகிரங்கக் கடிதத்தை உறையில் போட்டுத் தபால்தலையும் ஒட்டிவிட்டேன். ஜூனில் வரும் மத்திய கோடைத் திருநாளுக்குள் உன்னிடமிருந்து ஒரு காரணம் வராவிட்டால் அது இதழுக்குப் போகும். உனக்கு என்ன ஆகும் என்று இனி யோசிக்கப் போவதில்லை.

டோர்கெல்


ஏகெபி
மே 30

அன்புள்ள அண்ணா,

முதலில் நாற்காலியில் உட்கார். மாத்திரை போட்டாயா? போட்டுவிட்டுப் படி.

வேலை செய்கிறது. நாடி அலைக்கென்று நீ அன்று போட்டு வைத்த மின்சுற்று வேலை செய்கிறது.

வட்டத்தகட்டில் சில்லுகளை அச்சிடும்போது ஓரத்தில் கொஞ்சம் இடம் சோதனைக் கோடுகளுக்கென்று விடுவோம் என்பது உனக்குத் தெரியும். யாரும் எட்டிப் பார்க்காத இடம். போன இலையுதிர்காலத்தில், உன் முதல் கடிதத்துக்கு முன்பே, அந்த ஓரத்தில் உன் சுற்றை வரைந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும்தான். அது சரியாக வராமல் போனால், உன் அளவீடு தவறு என்று இரண்டாவது முறை உனக்குச் சொல்லும் ஆள் நானாகிவிடுவேன். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் கேள்வியை மட்டும் அனுப்பினேன். நீ திட்டியதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் ரூட்கெர் கண்டுபிடித்துவிட்டார். நுண்ணோக்கியில் குனிந்தபடியே கேட்டார்.

"மூலைல இது என்ன?"

"சோதனைக் கோடு."

"சோதனைக் கோட்டுக்கு எதுக்கு இத்தன டிரான்சிஸ்டர்? என்ன முட்டாள்னு நெனச்சியா?"

"டோர்கெலோட சுற்று."

நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் குழாயா?"

"ஆமா, அதே குழாய்தான். பிளம்பர அப்புறம் கூப்பிடலாம். முதல்ல இத பாருங்க."

நீ சொன்னபடி சில்லுகளை ஓரிடத்தில் நிறுத்தி, காலையிலிருந்து அடங்க விட்டிருந்தேன். பத்து இந்தப் பக்கம், பத்து அந்தப் பக்கம். இரண்டு கோடுகள் போட்டேன். திரையில் ஒரு கோடுதான் தெரிந்தது.

"இன்னொரு தடவ," என்றார். போட்டேன். "வேற சில்லுல போடு." போட்டேன். "நீ தள்ளு, நான் போடறேன்." அவரே போட்டார். மதியச் சாப்பாட்டை மறந்தார். சாயங்காலம் நாடி அலையைக் கொடுத்தோம். அடுத்த துடிப்பு எப்போது வர வேண்டும் என்று சில்லே கணித்து, வராததை ஒரு குறி போட்டுக் காட்டியது. இதெல்லாம் கைச்சூட்டில் கிடைக்கும் மின்சாரத்துக்குள். ரூட்கெர் மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வந்து, "ஆய்வேட்டுல முதல் மூணு அத்தியாயத்தையும் ஒண்ணா சுருக்கு. இது பெருசா வரணும்," என்றார்.

நிகழ்ச்சி நிரலில் பேசுகிறவர் பெயர் மட்டும்தான் இருக்கும். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது டோர்கெல் ஆல்மார்க். மூன்றாவதுதான் அவர். உன்னைக் கேட்காமல் போட்டேன்.

இன்னும் முடியவில்லை. செப்டம்பரில் என்னை எதிர்த்துக் கேள்வி கேட்க ஹாலந்திலிருந்து வெசெல் டெர்ப்ஸ்ட்ரா வருகிறார். இரண்டு கோடுகள் படிகின்றன என்று யார் சொன்னாலும் கிழித்துப் போடுகிறவர். அவர் முன்னால் நான் விழுந்தால் பட்டமும் போச்சு, உன் அளவீட்டையும் இனி யாரும் தோண்டி எடுக்க மாட்டார்கள். நீ வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்.

அன்புடன்
இல்வா


ஹெர்னேசாண்ட்
ஜூன் 8

அன்புள்ள இல்வா,

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டுத்தானே அளந்தாய்? வெளிச்சம் பட்டால் அதுவே மின்னோட்டத்தை உண்டாக்கும். அணைத்திருப்பாய். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்தேன். என்ன சத்தம் போட்டேனோ தெரியவில்லை, வேதியியல் ஆசிரியை ஓடிவந்து, "டோர்கெல், நெஞ்சு வலியா? படுங்க, படுங்க!" என்று என் காலர் பொத்தானைக் கழற்றப் பார்த்தாள். "வலி இல்ல. ஜெயிச்சுட்டேன்," என்றேன். அவளுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கடிதத்தோடு நீ அனுப்பிய அச்சுப்படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரே கோடு.

இதழுக்குப் போகவிருந்த உறையின் தபால்தலையை ஆவியில் காட்டி உரித்து எடுத்துவிட்டேன். அதுதான் இந்த உறைமேல் ஒட்டியிருக்கிறது.

டெர்ப்ஸ்ட்ராவிடம் வாதாடாதே. அவனுக்கு வாய் நீளம். காகிதத்தில் இருப்பதை அவன் மறுப்பான். கண்முன் நடப்பதை மறுக்க அவனாலும் முடியாது.

நான் வர மாட்டேன். ரூட்கெர் உட்கார்ந்திருக்கும் அறையில் எனக்கு உட்கார வராது. அதை மட்டும் கேட்காதே.

பெருமையுடன்
உன் அண்ணன்


ஏகெபி
செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணா,

முனைவர் இல்வா எழுதுவது. முழங்கால் வீங்கியிருக்கிறது, பட்ட விருந்தில் ஆடியது அதிகம்.

மூன்று வாரம் முன்பே வழக்கப்படி ஆய்வேட்டைத் துறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். போகிறவர் வருகிறவரெல்லாம் புரட்டினார்கள். நான்காம் அத்தியாயத்தின் தலைப்பில் உன் பெயர் இருக்கிறது; அந்தப் பக்கம்தான் முதலில் அழுக்கானது.

நேற்று முன்தினம் அரங்கம் நிரம்பிவிட்டது. டெர்ப்ஸ்ட்ரா முதல் மணி நேரம் முழுவதும் இனிக்க இனிக்கப் பேசினார். பிறகு நான்காம் அத்தியாயத்துக்கு வந்தார்.

"முழு வீச்சுல அளந்தா ரெண்டு கோடு வருது, நீங்களே ஒத்துக்கறீங்க. குறுகலா அளந்தா ஒண்ணு. நான் எத நம்பறது?"

"ரெண்டையும் நம்புங்க. ஆனா இந்தச் சில்லு முழு வீச்சுக்குப் போகவே போகாது."

"சொல்றது சுலபம் அம்மா."

நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "கையக் குடுங்க," என்றேன்.

அரங்கம் சிரித்தது. அவர் சட்டைக் கையை மடித்தார். சில்லு பொருத்திய பட்டையை மணிக்கட்டில் கட்டிவிட்டேன். பேட்டரி இல்லை என்று திருப்பிக் காட்டினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. இந்த மெல்லிய படலத்திலும் சில்லு அடங்கச் சில நிமிடம் வேண்டுமே! வியர்த்துக்கொண்டு நின்றேன், எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். பிறகு பெரிய திரையில் அவருடைய நாடி ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் டக்கென்று ஒரு குறி.

"இது என்ன?"

"ஒரு துடிப்பு தவறிப்போச்சு. நேத்து எவ்வளவு காபி குடிச்சீங்க?"

"பொய்," என்றார். மற்ற கையின் விரல்களை மணிக்கட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தானே எண்ணினார். திரையில் அடுத்த குறி விழுந்த அதே நொடியில், கண்ணைத் திறக்காமலே, "இப்ப ஒண்ணு தவறிச்சு," என்றார். அண்ணா, கைதட்டலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. "என் கேள்வி முடிஞ்சுது. என் டாக்டர்கிட்டத்தான் இனிமே கேக்கணும்," என்று உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் அவையைப் பார்த்து, வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்றார். ரூட்கெர் எழுந்தார். நெறியாளர் எழுந்திருப்பது வழக்கமே இல்லை.

"கேள்வி இல்ல, ஒரு திருத்தம். இந்த அளவீடு இந்தக் கட்டடத்துல முன்னாடியே நடந்துருக்கு. செஞ்சது டோர்கெல் ஆல்மார்க். நான் அத ஒழுகுற குழாய்னு சொன்னேன். அவர் சரி. நான் தப்பு. இது பதிவாகணும்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

முன்வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். யாரோ அதில் மேலங்கியை வைத்துவிட்டார்கள். நீ வந்திருக்க வேண்டும், பிடிவாதக்காரா.

அன்புடன்
இல்வா


பல்கலைக்கழகத்திலிருந்து
அக்டோபர் 6

டோர்கெல்,

உன் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

சொல்ல வேண்டியதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், உன் தங்கை எழுதியிருப்பாள். அதைக் கடிதத்தில் திரும்பச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

ஒரு சிக்கல். பட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே குளிரில் நடந்தால் சில்லு பிழை விடுகிறது. துடிப்பு தவறாத இடத்திலும் குறி போடுகிறது. இதய நோயாளி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியாது. எங்கள் யாருக்கும் வழி தெரியவில்லை. இல்வா உன்னைக் கேட்க மறுக்கிறாள்; நானேதான் கேட்க வேண்டுமாம். கேட்கிறேன்.

வணக்கங்களுடன்
ரூட்கெர் ஹெட்வால்


ஹெர்னேசாண்ட்
அக்டோபர் 19

ரூட்கெர்,

உடல்நலம் விசாரித்தாய். இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. மருத்துவர் காரணம் கேட்டார். உப்பைக் குறைத்தேன் என்றேன்.

நீங்கள் டிரான்சிஸ்டரை நிறுத்தியிருக்கும் இடம் மிகவும் தாழ்வு. கூர்மைக்கு ஆசைப்பட்டு அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எலக்ட்ரான்கள் நேராக ஊடுருவுவதில்லை. குழியில் கால் வைத்துத் தாவிப் போகின்றன. தாவுவதற்கு வெப்பம் வேண்டும். வெளியே குளிர், தாவ முடிவதில்லை, மின்னோட்டம் சரிகிறது, சில்லு குழம்புகிறது. நாற்பது மில்லிவோல்ட் மேலே தூக்கி நிறுத்து. அங்கே நேர் ஊடுருவல்தான். குளிரை அது கண்டுகொள்ளாது. கூர்மை கொஞ்சம் மழுங்கும், மின்செலவு கொஞ்சம் கூடும், அப்போதும் கைச்சூடு போதும். கணக்கை மூன்று தாள்களில் இணைத்திருக்கிறேன். இரண்டாவது தாளில் உள்ள படம், பள்ளி முடிந்த பிறகு பனிப்பெட்டியையும் இல்வா கோடையில் அனுப்பிய சில்லையும் வைத்து நானே அளந்தது. இரண்டு திசையிலும்.

நீ எழுந்து நின்று சொன்னதை அறிவேன். அதைச் சொல்ல உனக்கு ஒரு நிமிடம் பிடித்திருக்கும். எனக்குப் போனது அதைவிட அதிகம். இரண்டும் சமம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. உன்னை மன்னித்துவிட்டதால் இந்தப் பதிலை அனுப்புகிறேன் என்றும் நினைக்காதே. அன்று நான் சரி, இன்றும் நான் சரி. சரியானதைக் கையில் வைத்துக்கொண்டு, குளிரில் நடக்கிற ஒரு நோயாளியை என் கோபத்துக்காகக் காக்க வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான்.

இனி கடிதத்தை முடிக்க வேண்டும். 'நட்புடன்' என்று எழுதிப் பார்த்தேன், பொய், அடித்துவிட்டேன். 'மரியாதையுடன்' என்பது பாதிக்கு மேல் உண்மை. அதனால்தான் அதை உனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வெறும் பெயரை மட்டும் போட்டாலோ, இதைக் காபி மேசையில் காட்டி "டோர்கெல் சமாதானமாயிட்டான் பாருங்க" என்பாய். போடாவிட்டால் உனக்கு என்ன குறை? இந்த மூன்று தாள்களைப் போடக்கூடிய ஆள் இந்த நாட்டில் ஒருவன்தான், அது யார் என்று இப்போது உனக்கும் தெரியும். ஆகவே கையெழுத்துப் போடாமல் உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிடப் போகிறேன்.